உப்புக் காற்றும் இரண்டு தகரங்களும்: மன்னார்க் கரையில் பூச்சின் கதை

1914ஆம் ஆண்டு, ஒரே பயணப் பாதைக்காகக் கடலுக்குள் இரண்டு இரும்பு வேலைகள் நடந்து முடிந்தன. ஒன்று அந்தப் பக்கம் பாம்பன் பாலம். மற்றது இந்தப் பக்கம் தலைமன்னார் இறங்குதுறை. சென்னையில் ரயிலேறி, பாம்பனைத் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு மறுபடி ரயில் பிடித்த காலம் அது.

பாம்பனில் 1964 டிசம்பர்ப் புயல் பாலத்தின் பெரும்பாலான கேர்டர்களை அடித்துக்கொண்டு போனது. 46 நாளில் அதை நிமிர்த்தினார்கள். அதற்குப் பிறகும் பெயின்ட் வாளியும் தூரிகையும் பிடித்த ஆட்கள் வருசாவருசம் அந்தப் பாலத்தில் தொங்கிக்கொண்டே இருந்தார்கள். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும்வரை பாலம் 108 வருசம் வேலை செய்தது. தலைமன்னாரில் 1984இல் கப்பல் நின்றது. 1990இல் போரோடு ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில் ரயில் திரும்பி வந்தது, கப்பல் வரவில்லை. பழைய இறங்குதுறையைப் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடிக்க ஆளில்லாமல் கடலுக்குள் விடப்பட்ட இரும்பு எப்படி உதிரும் என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தப் பெயின்ட்டைப் பற்றியது. குறிப்பாக, மேலே பளபளக்கும் நிறத்தைப் பற்றியல்ல, அதற்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கிடக்கும் முதல் பூச்சைப் பற்றியது. கடையில் கேட்டால் பிரைமர். வரலாறு எழுதுகிறவர்கள் பாலத்தைக் கட்டிய பொறியியலாளரின் பெயரை எழுதுவார்கள், அதைத் திறந்துவைத்தவரின் பெயரை எழுதுவார்கள். எதை எதோடு, எவ்வளவு கலந்து பூசினார்கள் என்பதை எழுதமாட்டார்கள். ஆனால் மன்னார் மாதிரியான ஒரு கரையில் எது நிற்கும், எது விழும் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி அந்தக் கலவைதான்.

ஏன் மன்னார் என்று கேட்கலாம். இந்தத் தீவுக்கு மறைவு என்று ஒன்று இல்லை. சோளகம் அடித்தால் தெற்குக் கடலின் உப்பு வரும், வாடை அடித்தால் வடக்குக் கடலின் உப்பு வரும். காற்றில் வந்து இரும்பில் ஒட்டும் உப்புத் துகள் சும்மா இருக்காது, ஈரத்தை இழுக்கும். அந்த ஈரப் படலம் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்ய ஆரம்பிக்கும். இரும்பின் ஒரு புள்ளி கரையும், பக்கத்துப் புள்ளியில் துரு படியும். அலுமினியமும் தப்பாது. வெளியே வெள்ளைப் பொடியாகக் கொஞ்சம் தெரியும், உள்ளே குழி விழுந்திருக்கும். உப்பையும் ஈரத்தையும் உலோகத்தை நெருங்கவிடாமல் தடுப்பதும், மேலே வரும் பெயின்ட் பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் கொடுப்பதும்தான் பிரைமரின் வேலை.

உலோகத்துக்கு முன்னால் மரம் இருந்தது. மரத்துக்கு எதிரி துரு இல்லை, பலகையைத் துளைத்துக் குடியிருக்கும் கடற்புழு. இந்துமாக்கடலின் படகுக்காரர்கள் அதற்கு எத்தனையோ கலவைகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் உருக்கிப் பலகை இணைப்புகளில் பூசுவது ஒன்று. சுறா ஈரல் எண்ணெயை மரம் குடிக்கக் குடிக்கத் தடவுவது இன்னொன்று. சுண்ணாம்பை எண்ணெயோடு குழைத்து அடிப்பாகத்தில் தடவுவது மூன்றாவது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கமாகப் போன மார்க்கோ போலோ, மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர், சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்களில் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒரு மரத்தின் எண்ணெயோடு இடித்துப் பூசியதையும் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பழைய கலவைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவை மன்னிக்கும். குங்கிலியம் கொஞ்சம் கூடினால் பூச்சு நொறுங்கும், எண்ணெய் கூடினால் காயப் பிந்தும். அவ்வளவுதான். அடுத்த தடவை படகைக் கரையேற்றும்போது சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். மிஞ்சிய குங்கிலியம் கட்டியாகி விட்டால் திரும்பச் சூடாக்கினால் போதும். அளவைக் கண்ணும் விரலும் சொல்லும், அதை அப்பனிடமிருந்து மகன் பார்த்துப் பழகிக்கொள்வான். யாரும் எதையும் எழுதி ஒட்டவேண்டிய தேவை இருக்கவில்லை.

இரும்புப் பாலங்களின் காலத்தில் ஈயச் செந்தூரம் வந்தது. செம்மஞ்சள் நிறப் பொடி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இரும்பில் முதல் பூச்சாக அடிப்பார்கள். பெரிய பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் நெடுங்காலம் அதுதான் வழக்கம். இதில் ஒரு புதுச் சிக்கல் இருந்தது. கலந்து தகரத்தில் போட்டு வைத்தால் பொடியும் எண்ணெயும் ஒன்றோடொன்று வினைபுரிந்து உள்ளேயே இறுகும். அதனால் பொடியைத் தனியாகவும் எண்ணெயைத் தனியாகவும் கொண்டுவந்து, வேலை நடக்கும் இடத்தில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்தார்கள். ‘தனித்தனியாக வை, தேவைக்கு மட்டும் கல’ என்ற இன்றைய எபொக்சி விதி அப்போதே ஆரம்பமாகிவிட்டது. ஈயம் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு. பொடியைக் குழைத்தவர்களின் உடம்பு அதற்கு விலை கொடுத்தது.

அடுத்து ஆகாய விமானங்கள். இரண்டாம் உலகப் போரில் இலங்கைக் கடலோரத்தில் அலுமினிய விமானங்கள் உப்புத் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. தெற்கே கொக்கலையில் ஒரு கடல்விமானத் தளம் இருந்தது. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே கட்டலீனா என்ற கடல்விமானங்கள் இடையில் எங்கும் நிற்காமல் பறந்தன. பயணம் ஒரு நாளைத் தாண்டும், விமானத்தில் இருப்பவர்கள் இரண்டு சூரிய உதயங்களைப் பார்ப்பார்கள். அந்தக் காலத்து அலுமினிய விமானங்களின் உட்புறத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும் பூச்சு சிங்க் குரோமேட். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் குரோமேட் கசிந்து அலுமினியத்தைக் காப்பாற்றும், அபாரமான பிரைமர். ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது பிறகு உறுதியானது. உலோகத்துக்கு நல்லது செய்த பூச்சு, அடித்தவனுக்கும் பிறகு அதைத் தேய்த்துச் சுரண்டியவனுக்கும் கெடுதல் செய்தது.

சரி, எபொக்சிக்கு வருவோம். உங்களில் பலர் ஏற்கெனவே எபொக்சி கலந்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. உடைந்த பீங்கானை ஒட்ட இரண்டு குழாய்களிலிருந்து பட்டாணி அளவு பிதுக்கித் தீக்குச்சியால் கலக்குவோமே, அந்த அரல்டைட்தான். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கான ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது எபொக்சி ரெசினுக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ ஒரு பெயின்ட் கம்பனியில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார். காஸ்தானின் உரிமையை வாங்கிய சீபா நிறுவனம் 1946இல் பாசல் நகரத்துக் கண்காட்சியில் அரல்டைட்டை மக்களுக்குக் காட்டியது.

எபொக்சி பிரைமர் இரண்டு தகரங்களில் வரும். ஒன்றில் ரெசினும் நிறப்பொடியும், மற்றதில் ஹார்ட்னர். சாதாரண பெயின்ட் காய்வதற்கும் இது இறுகுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஹார்ட்னரின் மூலக்கூறோடு கைகோத்து ஒரு வலையாகிறது. கை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் கோக்கலாம். ஹார்ட்னர் குறைந்தால் ரெசினில் கோக்காத கைகள் மிஞ்சும், கூடினால் ஹார்ட்னரில் மிஞ்சும். இரண்டிலுமே பூச்சு மென்மையாகவே கிடந்துவிடும். குங்கிலியம் மன்னித்ததை இது மன்னிக்காது.

இந்தக் கண்டிப்பை உலகத்துக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தவர்கள் வீட்டில் விமானம் கட்டியவர்கள். அமெரிக்காவில் பேர்ட் ரூட்டான் வடிவமைத்த வாரிஈஸ் என்ற சிறு விமானம் 1975இல் பறந்தது. நுரைக்கட்டையைச் சிறகு வடிவில் வெட்டி, மேலே கண்ணாடியிழைத் துணியை எபொக்சியில் நனைத்து ஒட்டுவதுதான் அதன் கட்டுமானம். கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டலாம். அதன் வரைபடங்களோடு, ரெசினையும் ஹார்ட்னரையும் சரியான விகிதத்தில் நிறுக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் தராசு ஒன்றின் செய்முறையும் சேர்ந்து வந்தது. அலுமினியத்தில் விமானம் கட்டுகிறவர்கள், ஒவ்வொரு தகட்டுக்கும் எபொக்சி பிரைமர் அடிக்கவேண்டுமா, தூய அலுமினியப் படலம் போர்த்திய தகட்டுக்கு அது வீண் எடையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். உலர்ந்த பாலைவன ஊரில் பறப்பவருக்கு அது விவாதம். கடற்கரையில் நிறுத்தி வைப்பவருக்கு விவாதமே இல்லை.

நம் நாட்டில் இந்த இரண்டு உலகத்தையும் ஒன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். ரே விஜேவர்த்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். சிறு விமானங்களைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே ஓட்டினார். படகு கட்டும் கையும் விமானம் கட்டும் கையும் தூர உறவில்லை என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

மன்னாரில் அந்தக் கை படகில்தான் இருக்கிறது. 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் உருவான சீநோர், காரைநகரில் படகுத் தளம் அமைத்துக் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. மர வள்ளத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்தது. புழு துளைக்காது, எடை குறைவு, வெளியிணைப்பு மோட்டாரைப் பூட்டிக்கொண்டு ஓடலாம். இன்று பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் கரையில் நிற்பதில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நிவாரணப் படகுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. புதுப்புதுத் தளங்கள் அவசரமாகத் திறந்தன. அவசரத்தில் கட்டிய படகுகள் பலவற்றின் தரம் மோசமாக இருந்ததாகப் பிறகு புகார்கள் வந்தன.

இங்கேதான் ஒரு குழப்பத்தைக் கவனிக்கவேண்டும். பைபர் படகு கட்டும் ரெசின் பெரும்பாலும் பொலியெஸ்டர், எபொக்சி இல்லை. பொலியெஸ்டருக்கு ஊற்றும் திரவம் வினையைத் தூண்டிவிடும் ஊக்கி மட்டும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு போதும். ஓர் எல்லைக்குள் கூட்டினால் கெதியாக இறுகும், குறைத்தால் பிந்தும். இந்தப் பழக்கத்தில் ஊறிய கை எபொக்சித் தகரத்தைத் திறந்தால் என்ன சொல்லும்? ‘ஹார்ட்னரக் கொஞ்சம் கூட விடு, கெதியா இறுகும்.’ இறுகாது. எபொக்சியில் ஹார்ட்னர் ஊக்கி இல்லை, அதுவே பூச்சின் பாதி உடம்பு. பொலியெஸ்டரிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்த ஊக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

தகரத்தின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அது இங்கிலீசில் இருக்கிறது, அதுவும் குளிர்நாட்டுக் கணக்கில். கலந்தபின் 25 பாகை செல்சியஸில் ஆறு மணி நேரம் பாவிக்கலாம் என்று போட்டிருந்தால், வெப்பம் 10 பாகை கூடும்போது அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். மன்னார் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆகவே காலையில் ஒரு வாளி கலந்து பின்னேரம்வரை அடிக்கும் திட்டம் இங்கே சரிவராது. ‘மிச்சம் கிடக்கு, தின்னர விட்டு அடிப்பம்’ என்பதும் அப்படித்தான். தின்னர் அதை இளக்கிக் காட்டும், உள்ளே கோத்துக்கொண்ட கைகளைப் பிரிக்காது. அப்படி அடித்த பூச்சு பார்வைக்கு நன்றாக இருந்து, பிறகு தோலாக உரியும்.

அளவும் அப்படியே. நாலுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் கன அளவா, நிறையா என்று முதலில் பார்க்கவேண்டும். நிறப்பொடி நிறைந்த ரெசின் கனதி, ஹார்ட்னர் இலேசு. கன அளவு விகிதத்தைத் தராசில் நிறுத்தால் கணக்கு பிழைக்கும். கலக்குவதற்கு முன் ரெசின் தகரத்தின் அடியிலிருந்து கிளறவேண்டும். மாதக்கணக்கில் நின்ற தகரத்தில் பொடி முழுக்க அடியில் அடையாகப் படிந்திருக்கும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால் அது பிரைமரே இல்லை. சில வகைகளைக் கலந்தபின் 15 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டுத்தான் அடிக்கவேண்டும். தகரத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் அவசரப்படக் கூடாது.

அடிக்கும் முகத்தை முதலில் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். உப்போடு உரஞ்சினால் உப்பை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். நல்ல தண்ணீருக்கே கஷ்டப்படும் தீவில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஆனால் இதைத் தவிர்த்தால் மிச்ச வேலை முழுக்க வீண். வாடைக்காலத்து விடிகாலையில், உலோகத்தில் பனி பூத்திருக்கும்போது அடிக்கக் கூடாது. ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டினால் நிறுத்துவது பொதுவான விதி. ஈரத்தில் இறுகும் எபொக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு பூக்கும், அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு பிடிக்காது.

வைத்துப் பாதுகாப்பதும் பாதி வேலை. மூடியை இறுக்கி, நிழலில், மண் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வைக்கவேண்டும். ஹார்ட்னர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். திறந்த திகதியை மூடியிலேயே எழுதிவிட்டால் ஒரு வருசம் கழித்து யாரும் ஊகிக்கவேண்டியதில்லை. மிஞ்சிய கலவையைத் திரும்பத் தகரத்துக்குள் ஊற்றக் கூடாது. சின்னப் போத்தலில் பிரித்து வைக்கிறோம் என்று சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாகக் கை. ஈயமும் குரோமேட்டும் செய்ததை எபொக்சி வேறு விதமாகச் செய்கிறது. வெறுங்கையில் பட்டுப் பட்டு, ஒருநாள் உடம்பு அதை ஏற்க மறுக்கும். தோல் வெடிக்கும், அரிக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் கிளம்பும், தொழிலையே விடவேண்டி வரும். பட்டதைத் தின்னரால் துடைப்பது இன்னும் மோசம், தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டுபோகும். கையுறை, சோப்புத் தண்ணீர், ஸ்பிரே அடித்தால் துணியைக் கட்டாமல் ஆவியை வடிக்கும் சரியான முகமூடி. இவை ஆடம்பரம் இல்லை.

இதெல்லாம் இப்போது ஏன்? 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். ஒவ்வொரு இறகும் 60 மீற்றருக்கு மேல், கண்ணாடியிழையும் எபொக்சியும் சேர்ந்த, விமானச் சிறகின் அதே கட்டுமானம். வாரிஈஸ் கட்டிய கொட்டகையின் வேதியியல் இன்று பனைமரங்களுக்கு மேல் சுழல்கிறது. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் 2025இல் தெருவில் நின்றார்கள். மீன்பிடி, வெள்ளம் வடியும் வழி, வலசை வரும் பறவைகள் என்று அவர்களுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம். ஒருமுறை இறுகிய எபொக்சி உருகாது, மக்காது. இறகைத் தயாரித்த வெஸ்டாஸ் நிறுவனம் பழைய எபொக்சி இறகுகளை வேதியியல் முறையில் பிரித்தெடுக்க வழி கண்டதாக 2023இல் அறிவித்தது. அந்த வழி மன்னாருக்கு வந்து சேருமா? கரையில் உடைந்து கிடக்கும் பைபர் படகுகளையே இன்னும் என்ன செய்வதென்று தெரியாமல் எரிக்கிற, புதைக்கிற ஊர்கள் நம்முடையவை.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளும் பொலிசிலொக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பூச்சு எவ்வளவு முன்னேறினாலும் கலக்குவதும் அடிப்பதும் சுரண்டுவதும் ஒரு கூலித் தொழிலாளியின் கைதான். குங்கிலியக் காலத்தில் அந்தக் கைக்கு வேண்டிய அறிவு அதன் சொந்தப் பாஷையில் இருந்தது. தகரக் காலத்தில் அது பொடி எழுத்து இங்கிலீசுக்குப் போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. உங்கள் ஊரில் படகு திருத்தும் கொட்டில் இருந்தால், அங்கே பாவிக்கும் தகரத்தின் விபரத்தை ஒருநாள் உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள். எந்த விகிதம், கன அளவா நிறையா, நம் வெயிலில் எத்தனை மணி நேரம், கையில் பட்டால் என்ன செய்வது. ஒரு பக்கம் போதும். அதைத் தகரம் வைக்கும் பலகைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.